கப் வின்னர்ஸ் கப்: நின்றுபோன ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாம்பியன்ஸ் லீக் பார்த்து வளர்ந்தவர்கள், பார்சிலோனா, செல்சி போன்ற கிளப்கள் வென்ற கோப்பைகளின் பட்டியலில் "கப் வின்னர்ஸ் கப்" என்ற பெயரைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்கிறார்கள். 1960 முதல் 1999 வரை 39 முறை நடந்து நின்றுபோன போட்டி அது. வழக்கமாக வரும் கேள்விகளுக்குப் பதில்கள் கீழே.

இந்தப் போட்டியில் யாரெல்லாம் ஆடினார்கள்?

ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இரண்டு போட்டிகள் உண்டு. ஒன்று, சீசன் முழுக்க எல்லோரும் எல்லோரோடும் மோதும் லீக். இன்னொன்று, தோற்றால் வெளியே என்கிற உள்நாட்டுக் கோப்பை. இங்கிலாந்தின் எஃப்ஏ கப், ஸ்பெயினின் கோபா டெல் ரே, இத்தாலியின் கோப்பா இத்தாலியா எல்லாம் இந்த இரண்டாவது வகை. லீக்கை வென்ற அணி ஐரோப்பியக் கோப்பைக்குப் போனது. அதுதான் இன்றைய சாம்பியன்ஸ் லீக். உள்நாட்டுக் கோப்பையை வென்ற அணிக்குக் கிடைத்தது கப் வின்னர்ஸ் கப். ஒரே அணி இரண்டையும் வென்றுவிட்டால், கோப்பையின் இறுதிப் போட்டியில் தோற்ற அணிக்கு அந்த இடம் போகும்.

லீக்கில் நீங்கள் 15ஆம் இடத்தில் இருக்கலாம், இரண்டாம் டிவிஷனில்கூட இருக்கலாம். உள்நாட்டில் சில நாக் அவுட் ஆட்டங்களை ஜெயித்தால் போதும், அடுத்த சீசனில் ரியல் மாட்ரிட்டோடு மோதும் வாய்ப்பு வரும். இந்தப் போட்டியின் அழகே அதுதான்.

எப்போது, எப்படித் தொடங்கியது?

1960-61 சீசனில். மத்திய ஐரோப்பிய கிளப்களுக்காக அதற்கு முன்பே மித்ரோப்பா கோப்பை என்று ஒன்று நடந்துவந்தது. அதை நடத்தியவர்களே முதல் கப் வின்னர்ஸ் கப்பையும் நடத்தினார்கள். பத்து அணிகள்தான் வந்தன. இறுதிச் சுற்று இரண்டு ஆட்டங்கள். இத்தாலியின் ஃபியோரென்டினா கிளாஸ்கோவில் 2-0, சொந்த ஊரான ஃப்ளோரன்ஸில் 2-1 என்று ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. அடுத்த சீசனிலிருந்து ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா பொறுப்பேற்றது. முதல் சீசனுக்கும் பின்னாளில் அங்கீகாரம் கொடுத்தது.

வெளியூர் கோல் விதி இங்கேதான் தொடங்கியதா?

ஆமாம், 1965-66 சீசனில். இரண்டு ஆட்டங்களின் மொத்த கோல் கணக்கு சமமானால், எதிரணியின் ஊரில் அதிக கோல் போட்ட அணி அடுத்த சுற்றுக்குப் போகும். 2021இல் யூஃபா இதைக் கைவிட்டது.

இந்த விதி வருவதற்கு முன் என்ன நடந்தது என்பதற்கு 1962இன் பேங்கர் சிட்டி நல்ல உதாரணம். வேல்ஸின் இந்தச் சின்ன கிளப் சொந்த ஊரில் நேப்போலியை 2-0 என்று தோற்கடித்தது. இத்தாலிக்குப் போய் 1-3 என்று தோற்றது. மொத்தக் கணக்கு 3-3. வெளியூர் கோல் விதி இருந்திருந்தால் நேப்போலி அன்றே வெளியேறியிருக்கும். விதி இல்லாததால் லண்டனில் மூன்றாவது ஆட்டம் வைத்தார்கள். நேப்போலி 2-1 என்று தப்பித்தது.

நடுவரே விதியை மறந்த கதை உண்மையா?

உண்மைதான். 1971 நவம்பர், இரண்டாம் சுற்று, ரேஞ்சர்ஸும் ஸ்போர்ட்டிங் லிஸ்பனும். கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் 3-2 என்று ஜெயித்திருந்தது. லிஸ்பனில் 90 நிமிடம் முடிந்தபோது ஸ்போர்ட்டிங் 3-2 என்று முன்னிலை. மொத்தம் 5-5. கூடுதல் நேரத்தில் ஆளுக்கொரு கோல், 6-6.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேஞ்சர்ஸ் வெளியூரில் போட்டது 3, ஸ்போர்ட்டிங் வெளியூரில் போட்டது 2. ரேஞ்சர்ஸ்தான் அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும். ஆனால் டச்சு நடுவர் லாரன்ஸ் வான் ராவென்ஸ், கூடுதல் நேரத்தில் விழுந்த வெளியூர் கோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதைக் கவனிக்காமல் பெனால்டி ஷூட் அவுட்டுக்கு உத்தரவிட்டார். ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர்கள் ஒரு பெனால்டியைக்கூட கோலாக்கவில்லை. அரங்கமே கொண்டாடியது, ரேஞ்சர்ஸ் அணி நொந்துபோய் உடை மாற்றும் அறைக்குப் போய்விட்டது. அப்புறம்தான் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ரேஞ்சர்ஸ் மேலாளர் வில்லி வாடல் யூஃபா பிரதிநிதியிடம் போய் முறையிட, முடிவு மாற்றி அறிவிக்கப்பட்டது.

அந்த ஆண்டு கோப்பையை வென்றதும் ரேஞ்சர்ஸ்தான். 1972 மே மாதம் பார்சிலோனாவில் டைனமோ மாஸ்கோவை 3-2 என்று ஜெயித்தார்கள். ஆனால் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து ரகளையானதால், கேப்டன் ஜான் கிரெய்க் கோப்பையை அரங்கத்துக்குள்ளே ஓர் அறையில் வாங்க வேண்டியதாயிற்று. ஐரோப்பியப் போட்டிகளில் ஆட இரண்டாண்டுத் தடையும் வந்தது, பிறகு அதை ஓராண்டாகக் குறைத்தார்கள். ஆக, வென்ற கோப்பையைத் தக்கவைக்க ஆடும் வாய்ப்பே அவர்களுக்கு இல்லாமல் போனது.

நாணயம் சுண்டி முடிவு செய்த அரையிறுதி உண்டா?

உண்டு. 1970இல் போலந்தின் கோர்னிக் சாப்ஷேவும் ரோமாவும் மூன்று முறை மோதின. 1-1, 2-2, மீண்டும் 1-1. மூன்றாவது ஆட்டம் ஸ்ட்ராஸ்பர்கில். அதன் பிறகும் முடிவு கிடைக்காததால் நாணயம் சுண்டினார்கள், கோர்னிக் இறுதிக்குப் போனது. போலந்து கிளப் ஒன்று யூஃபா போட்டியின் இறுதி ஆட்டம் வரை போனது அந்த ஒரு முறைதான். வியன்னாவில் மான்செஸ்டர் சிட்டியிடம் 1-2 என்று தோற்றார்கள்.

16-1 என்று ஒரு ஸ்கோர் சொல்கிறார்களே?

1963 நவம்பரில் ஸ்போர்ட்டிங் லிஸ்பன் சைப்ரஸின் அப்போயல் அணியை அப்படித் தோற்கடித்தது. யூஃபா கிளப் போட்டிகளில் ஒரே ஆட்டத்தில் ஓர் அணி இத்தனை கோல் போட்டது வேறெப்போதும் இல்லை. மஸ்கரேன்யாஸ் மட்டும் 6 கோல். அதே சீசன் காலிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 1-4 என்று தோற்றுவிட்டு, லிஸ்பனில் 5-0 என்று திருப்பிக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் பெரிய சாதனை இந்த 5-0தான். இறுதிப் போட்டி புடாபெஸ்டின் எம்டிகே அணியோடு 3-3 என்று முடிந்தது. மறு ஆட்டத்தில் மொராய்ஸ் கார்னரிலிருந்து நேராக அடித்த கோலால் கோப்பை கைக்கு வந்தது.

கிழக்கு ஐரோப்பிய அணிகளுக்கு இந்தக் கோப்பை ஏன் அவ்வளவு முக்கியம்?

1986 வரை ஐரோப்பியக் கோப்பையைக் கம்யூனிஸ்ட் நாட்டு கிளப் எதுவும் வென்றதில்லை. அந்த ஆண்டுதான் ருமேனியாவின் ஸ்டாவா புக்கரெஸ்ட் வென்றது. அதற்கு வெகு முன்பே கப் வின்னர்ஸ் கப் கிழக்கே போய்விட்டது. இந்தப் போட்டியைப் பற்றி நீளமாகப் பேச வேண்டிய இடம் இதுதான்.

முதலில் ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா. 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. மேற்கும் கிழக்கும் மோத வேண்டாம் என்று யூஃபா முதல் சுற்றுக்கான குலுக்கலைப் புதிதாகப் போட்டது. அதை எதிர்த்து சோவியத் யூனியனும் அதன் கூட்டாளி நாடுகள் பலவும் தங்கள் அணிகளை விலக்கிக்கொண்டன. கிழக்கு ஜெர்மனியின் கோப்பையை வென்றிருந்த யூனியன் பெர்லின் அணியின் ஐரோப்பிய வாய்ப்பு அப்படித்தான் பறிபோனது. படையெடுப்புக்கு ஆளான நாட்டின் அணியான ஸ்லோவான் தொடர்ந்து ஆடியது. 1969 மே 21 அன்று பாசல் நகரில் நடந்த இறுதியில் பார்சிலோனாவை 3-2 என்று வென்றது. இரண்டாவது நிமிடத்திலேயே முதல் கோல். செக்கோஸ்லோவாக்கியாவின் வேறெந்த கிளப்பும் யூஃபாவின் கோப்பை ஒன்றை வென்றதில்லை.

அடுத்து 1974, கிழக்கு ஜெர்மனியின் மாக்டெபுர்க். இறுதியில் எதிரணி நடப்புச் சாம்பியன் ஏசி மிலான். ராட்டர்டாமின் பெரிய அரங்கத்தில் சுமார் 5,000 பேர்தான் இருந்தார்கள். கிழக்கு ஜெர்மானியர்கள் மேற்கே பயணம் செய்ய அனுமதி கிடைப்பது அவ்வளவு கடினம். மிலான் வீரர் லான்சியின் சொந்த கோல் ஒன்று, செகுவின் போட்டது ஒன்று, 2-0. வென்ற அணி வெள்ளைக் குளியல் அங்கிகளை மாட்டிக்கொண்டு கோப்பையோடு மைதானத்தைச் சுற்றி வந்தது. அந்தப் புகைப்படம் கிடைத்தால் தவறாமல் பாருங்கள். பெரும்பாலும் மாக்டெபுர்க் வட்டாரப் பையன்களை வைத்தே பயிற்சியாளர் ஹைன்ஸ் க்ரூகல் கட்டிய அணி அது. அதில் ஆடிய யுர்கன் ஸ்பார்வாசர் ஆறு வாரம் கழித்து உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக வெற்றி கோலைப் போட்டார். க்ரூகலை 1976இல் அரசியல் காரணங்களுக்காகப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கிழக்கு ஜெர்மனி என்ற நாடு இருந்தவரை அதற்குக் கிடைத்த ஒரே ஐரோப்பிய கிளப் கோப்பை இதுதான். அதைக் கொண்டுவந்தவருக்கு நடந்தது அநியாயம்.

1975 இறுதியில் பயிற்சியாளர் லோபனோவ்ஸ்கியின் டைனமோ கீவ் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வரோஷை 3-0 என்று வீழ்த்தியது. சோவியத் கிளப் ஒன்று ஐரோப்பிய அளவில் வென்ற முதல் கோப்பை அது. ஒலெக் புளோகினுக்கு அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலன் டோர் விருது கிடைத்தது. 1986இல் அதே கீவ் லியோனில் அட்லெட்டிகோ மாட்ரிட்டையும் 3-0 என்று ஜெயித்தது. அந்த ஆட்டம் நடந்த நாள் மே 2. கீவுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் செர்னோபில் அணு உலை வெடித்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

இவற்றுக்கு நடுவே 1981, ஜார்ஜியாவின் டினமோ திபிலிசி. காலிறுதியில் லண்டனுக்குப் போய் வெஸ்ட் ஹாமை 4-1 என்று தோற்கடித்தபோது, வெஸ்ட் ஹாம் ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். டியூசல்டார்ஃபில் நடந்த இறுதியில் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் யேனாதான் முதல் கோலைப் போட்டது. குட்சாயெவ் சமன் செய்தார். முடிய நாலைந்து நிமிடம் இருக்கும்போது விடாலி தாராசெலியா தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டிப் போய் வெற்றி கோலை அடித்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் கார் விபத்தில் அவர் இறந்தபோது வயது 25தான்.

வேல்ஸ் அணிகள் ஏன் அடிக்கடி இதில் தென்படுகின்றன?

வேல்ஸுக்கு 1992 வரை நாடு முழுவதற்குமான லீக்கே கிடையாது. பெரிய கிளப்கள் இங்கிலாந்து லீக்கில் ஆடின. ஆனால் வேல்ஷ் கோப்பை இருந்தது. அதை வென்றால் ஐரோப்பா! கார்டிஃப் சிட்டி 1968இல் அரையிறுதி வரை போனது, 1971இல் சொந்த மண்ணில் ரியல் மாட்ரிட்டை 1-0 என்று தோற்கடித்தது. ரெக்ஸம் 1984இல் இங்கிலாந்தின் நான்காம் டிவிஷனில் திணறிக்கொண்டிருந்தபோதே, அதற்கு முந்தைய சீசனின் இறுதிப் போட்டி வரை போன போர்ட்டோவை வெளியூர் கோல் கணக்கில் வெளியேற்றியது. ரெக்ஸமைத் தொலைக்காட்சித் தொடர் மூலம் தெரிந்துகொண்டவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

அலெக்ஸ் ஃபெர்குசன் ஐரோப்பிய அளவில் வென்ற முதல் கோப்பை இதுதானா?

ஆமாம். 1983 மே 11, ஸ்வீடனின் கோத்தன்பர்க், கொட்டுகிற மழை. ஃபெர்குசன் அப்போது மேலாளராக இருந்த ஸ்காட்லாந்தின் அபர்டீன், டி ஸ்டெஃபானோ பயிற்சியாளராக இருந்த ரியல் மாட்ரிட்டைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஜான் ஹியூவிட் 112ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி வெற்றி கோலைப் போட்டார்.

ஆனால் காலிறுதிதான் அதைவிடச் சுவாரஸ்யம். பயர்ன் மியூனிக் 2-1 என்று முன்னிலை. அபர்டீனுக்கு ஒரு ஃப்ரீ கிக். ஸ்ட்ராக்கனும் மெக்மாஸ்டரும் பந்தை நோக்கி ஒரே நேரத்தில் ஓடி, குழம்பிப்போனது போல நின்று, ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பயர்ன் வீரர்கள் கொஞ்சம் அசந்தார்கள். ஸ்ட்ராக்கன் சட்டென்று திரும்பிப் பந்தைத் தூக்கிப் போட, மெக்லீஷ் தலையால் முட்டினார். 2-2. ஒரு நிமிடத்துக்குள் ஹியூவிட் அடுத்ததையும் போட்டு முடித்தார். எல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த நாடகம்.

1991இல் ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்டோடு இதே கோப்பையை மீண்டும் வென்றார். இரண்டு வெவ்வேறு கிளப்களோடு இதை வென்ற இன்னொரு பயிற்சியாளர் யோஹான் க்ரைஃப்: 1987இல் அயாக்ஸ், 1989இல் பார்சிலோனா.

1985க்குப் பிறகு இங்கிலாந்து அணிகள் ஏன் காணோம்?

1985 மே மாதம் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் அரங்கில், லிவர்பூல்–யுவென்டஸ் ஐரோப்பியக் கோப்பை இறுதிக்கு முன் நடந்த கலவரத்தில் 39 பேர் இறந்தார்கள். இங்கிலாந்து கிளப்களுக்கு ஐந்தாண்டுத் தடை. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் எவர்ட்டன் ராட்டர்டாமில் ராபிட் வியன்னாவை 3-1 என்று வென்று கப் வின்னர்ஸ் கப்பைத் தூக்கியிருந்தது. எஃப்ஏ கப்பை 1987இல் வென்ற காவன்ட்ரி, 1988இல் வென்ற விம்பிள்டன் இரண்டுக்கும் இந்த வாய்ப்பு போனது போனதுதான்.

அதிக முறை வென்றது யார்?

பார்சிலோனா, 4 முறை: 1979, 1982, 1989, 1997. ஆண்டர்லெக்ட், மிலான், செல்சி, டைனமோ கீவ் ஆகியவை தலா 2. மீதியெல்லாம் ஒரு தடவை வென்றவை. 39 கோப்பைகளை 32 கிளப்கள் பகிர்ந்துகொண்டன.

தொடர்ந்து இரண்டு முறை வென்ற அணி?

ஒன்றுகூட இல்லை. நடப்புச் சாம்பியன் மறு ஆண்டும் இறுதிக்கு வந்தது எட்டு முறை: ஃபியோரென்டினா, அட்லெட்டிகோ, மிலான், ஆண்டர்லெக்ட், அயாக்ஸ், பார்மா, ஆர்சனல், பாரிஸின் பிஎஸ்ஜி. எட்டு முறையும் தோல்வி. இதைச் சாபம் என்று எழுதுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாக் அவுட்டில் ஒரு மோசமான இரவு போதும். 1988இல் அயாக்ஸைத் தோற்கடித்த பெல்ஜியத்தின் மெகெலன் அணிக்கு அதுதான் முதல் ஐரோப்பிய சீசன்.

ஆர்சனல் தோற்ற விதத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1995, பாரிஸ், சரகோசாவோடு 1-1. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம். சரகோசாவின் நாயிம் வலது பக்க ஓரத்திலிருந்து, ஏறக்குறைய 40 மீட்டர் தள்ளி, பந்தை உயரத் தூக்கி அடித்தார். கோல்கீப்பர் டேவிட் சீமன் பின்னால் ஓடிக்கொண்டே கையை உயர்த்தியும் பந்து உள்ளே விழுந்தது. நாயிம் முன்னர் ஆடியது ஆர்சனலின் பரம எதிரியான டாட்டன்ஹாமில்!

சரி, ஏன் நிறுத்தினார்கள்?

ஒரே நாளில் யாரும் இதைக் கொல்லவில்லை. 1992இல் ஐரோப்பியக் கோப்பை சாம்பியன்ஸ் லீக் ஆனது. தொலைக்காட்சிப் பணம் அங்கே குவிந்தது. 1997-98இல் பெரிய நாடுகளின் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்த அணிகளையும் அதில் சேர்த்தார்கள். அடுத்து நான்கு அணிகள் வரை போகலாம் என்ற திட்டம் வந்தது. பெரிய நாடுகளில் கோப்பையை வெல்வது பெரும்பாலும் லீக்கில் முன்னணியில் இருக்கும் அணிதான். அது சாம்பியன்ஸ் லீக்குக்குப் போய்விட்டால் கப் வின்னர்ஸ் கப்புக்கு வருவது இறுதியில் தோற்ற அணி.

1997இல் இது அப்பட்டமாகத் தெரிந்தது. கப் வின்னர்ஸ் கப்பின் நடப்புச் சாம்பியன் பார்சிலோனா. ஸ்பெயினின் கோப்பையையும் அதே ஆண்டு வென்றிருந்தது. ஆனால் லீக்கில் இரண்டாம் இடம் என்பதால் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போய்விட்டது. ஆக, சாம்பியனே இல்லாமல் அந்த சீசன் நடந்தது. 1999-2000 முதல் உள்நாட்டுக் கோப்பை வென்றவர்களை யூஃபா கோப்பை என்ற இன்னொரு போட்டியில் சேர்த்துவிட்டு இந்தப் போட்டியை மூடினார்கள். யூஃபா கோப்பைதான் 2009 முதல் யூரோப்பா லீக்.

மதிப்பு குறைந்துவிட்டது, அதனால் மூடினோம் என்பது ஒரு வாதம். மதிப்பைக் குறைத்தது யார் என்று பார்த்தால், பெரிய கிளப்களுக்கு மேலும் மேலும் இடம் ஒதுக்கிய அதே முடிவுகள்தான். இழப்பு மாக்டெபுர்க், மெகெலன், அபர்டீன் போன்ற ஊர்களுக்கு.

கடைசி இறுதிப் போட்டி எது?

1999 மே 19, பர்மிங்காமின் வில்லா பார்க். லாசியோ 2, மயோர்கா 1. வியேரி தலையால் ஒன்று, டானி பதிலுக்கு ஒன்று, 81ஆவது நிமிடத்தில் பந்து தரையைத் தொடும் முன்பே நெட்வெட் அடித்த வெற்றி கோல். அந்த ஆகஸ்டில் சாம்பியன்ஸ் லீக் வென்ற மான்செஸ்டர் யுனைடெட்டை லாசியோ 1-0 என்று வென்று, இரு போட்டிகளின் சாம்பியன்களும் மோதும் சூப்பர் கப்பையும் எடுத்தது.

மற்ற கண்டங்களிலும் இப்படி ஒன்று இருந்ததா?

இருந்தது. ஆப்பிரிக்காவில் 1975 முதல் 2003 வரை நடந்தது, பிறகு கான்ஃபெடரேஷன் கப்பில் கலந்தது. ஆசியாவில் 1990இல் தொடங்கி 2002இல் முடிந்தது. அதில் நமக்கும் ஒரு நினைவு உண்டு: 1993இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ஈராக்கின் அல் ஜவ்ரா அணியை 6-2 என்று தோற்கடித்தது. கார்ல்டன் சாப்மன் ஹாட்ரிக் அடித்தார்.

கான்ஃபெரன்ஸ் லீக் இதற்கு மாற்றா?

பாதி மாற்று. 2021இல் தொடங்கிய அந்த மூன்றாம் நிலைப் போட்டி, சிறிய நாடுகளின் கிளப்களுக்கு மீண்டும் ஆட நிறைய ஆட்டங்கள் கொடுக்கிறது. அது நல்ல விஷயம். 2023இல் அதன் இறுதியில் மோதியவை வெஸ்ட் ஹாமும் ஃபியோரென்டினாவும், இரண்டுமே பழைய கப் வின்னர்ஸ் கப் சாம்பியன்கள். ஆனால் அங்கே நுழைய பெரும்பாலும் லீக் இடம்தான் பேசுகிறது. உள்நாட்டுக் கோப்பையை வென்றவர்கள் மட்டும் கூடும் மேடை இப்போது எங்கும் இல்லை.

பழைய ஆட்டங்களில் எதை முதலில் பார்க்கலாம்?

1986 மார்ச் 19, பயர் யூர்டிங்கன்–டைனமோ டிரெஸ்டன், காலிறுதி இரண்டாம் ஆட்டம். மேற்கு ஜெர்மனி கிளப்பும் கிழக்கு ஜெர்மனி கிளப்பும். டிரெஸ்டன் முதல் ஆட்டத்தை 2-0 என்று ஜெயித்திருந்தது, இங்கும் இடைவேளையில் 3-1 என்று முன்னிலை. யூர்டிங்கனுக்கு 45 நிமிடத்தில் ஐந்து கோல் வேண்டும். டிரெஸ்டன் கோல்கீப்பர் காயப்பட்டு வெளியேற, அனுபவமில்லாத மாற்று கோல்கீப்பர் இறங்கினார். யூர்டிங்கன் ஆறு கோல் போட்டது, 7-3. தோற்ற அணியின் ஃபிராங்க் லிப்மன் அன்றிரவு ஊர் திரும்பாமல் மேற்கிலேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு 1979 இறுதியைப் பாருங்கள்: பார்சிலோனா 4, ஃபார்ச்சூனா டியூசல்டார்ஃப் 3, கூடுதல் நேரத்தில். நேரம் இருந்தால் லண்டனில் திபிலிசி ஆடிய ஆட்டத்தையும்.